கறிக்குத் தண்ணி காணாது

1

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நேரே மகனின் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, பின்னால் பல்கலைக்கழகக் கொடி. மேடையில் நிற்கும் பெரியவர் அவனுடைய வலக்கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு அவனைப் பார்த்து மலர்ந்து சிரிக்கிறார். அவன் அவரைப் பார்க்கவில்லை. இடக்கையில், அங்கியின் அகன்ற கைக்குள் பாதி மறைந்திருக்கும் தொலைபேசியைப் பார்க்கிறான். முகத்தில், வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டவனின் பீதி.

போன ஞாயிற்றுக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு எங்களோடு சாப்பிட வந்த அன்ரி ஒருவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "இந்தக் காலத்துப் பிள்ளையள் மேடையில ஏறியும் ஃபோனை விடாதுகள் போல" என்றார்.

என் மனைவி வதனி சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "அது அண்டைக்குக் கறிக்குத் தண்ணி காணாமல் போச்சுது அன்ரி, அதுதான் பிள்ளை பயந்துபோனான்" என்றாள்.

அன்ரி தன் தட்டில் இருந்த கறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதன்பின் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எதுவுமே கேட்கவில்லை.

இனி வருகிறவர்களுக்கும் ஒவ்வொருவராக விளங்கப்படுத்த எனக்குத் தெம்பில்லை. ஊரில் இருப்பவர்களும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி ஏன் குனிஞ்சு நிக்கிறார்?" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். ஆகவே நடந்ததை எழுதிவிடுகிறேன்.

2

கறி என்பது எங்கள் வீட்டு ஓணானின் பெயர்.

மகன் ஆரணன் உயர்தர வகுப்பில் படிக்கும்போது பச்சோந்தி வளர்க்க வேண்டும் என்று நின்றான். அவுஸ்திரேலியாவில் அது முடியாது. வெளிநாட்டு ஊர்வன எதையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் உள்ளூர் ஊர்வனவற்றை அனுமதிப்பத்திரம் எடுத்து வளர்க்கலாம். அப்படித்தான் குயின்ஸ்லாந்து மழைக்காடுகளில் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி காலம் கழிக்கும் ஓணான் சாதி ஒன்று சிட்னியின் பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கழுத்தில் முள், தாடையில் தொங்கு தசை, எதற்கும் அவசரப்படாத கண்கள். மகன் அதற்கு 'கேரி' என்று வெள்ளைக்காரப் பெயர் வைத்தான். வதனியின் வாயில் அது முதல் நாளே கறியாகிவிட்டது. "கறி இண்டைக்கு அசையேல்லை." "கறிக்கு நுளம்பு கிளம்பு கடிக்குமோ?" மகன் எவ்வளவோ திருத்திப் பார்த்தான். கடைசியில் நானும் கறி என்றேன். பிறகு அவனும் கறி என்றான்.

ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நாங்கள் அதைப் பச்சோந்தி என்றே சொல்லிவைத்தோம். அது பிறகு என் காலைச் சுற்றியது. ஆரணன் சிட்னியில் தொடங்கிய பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு, விலங்கியல் படிக்க மெல்பேணுக்குப் போனான். ஓணானை மாநிலம் தாண்டிக் கொண்டுபோவதென்றால் இரண்டு மாநிலத்து அனுமதியும் வேண்டும். அதோடு அவன் வாடகைக்குப் போன அறையில் பூனைகூட வைத்திருக்க முடியாது. எனவே கறி எங்களோடு தங்கியது. அனுமதிப்பத்திரத்தை என் பெயரில் எடுக்க அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "என்ன பிராணி?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஊருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, ஆங்கிலத்திலும் சட்டென்று 'கமீலியன்' என்றது.

மறுமுனையில் நீண்ட அமைதி. பிறகு அவள் மிக மரியாதையாக என் வீட்டு முகவரியைக் கேட்டாள்.

அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. கொழும்பில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது வரும் அதே அமைதி. "இல்லை, இல்லை, அது உங்கட நாட்டுக்காரன்தான்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். படம் அனுப்பு என்றாள். நாலு பக்கத்தாலும் எடுத்து அனுப்பினேன். எனக்குக் குடியுரிமை தரும்போதுகூட இத்தனை கோணத்தில் படம் கேட்கவில்லை.

3

கறிக்கு ஒரு பழக்கம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காது. நிற்கும் தண்ணீர் அதன் கண்ணுக்குத் தண்ணீராகவே படாது. இலையில் சொட்ட வேண்டும், அல்லது அதன் மூக்கில் வழிய வேண்டும். மழை பெய்தால்தான் தாகம் தெரியும் சாதி. மகன் இருந்தவரை காலையும் மாலையும் விசிறு போத்தலால் அடித்துக்கொண்டிருந்தான். அவன் போனதும் அந்தப் போத்தல் எங்கள் கைக்கு வந்தது. வதனி மருந்தகத்தில் வேலை. நான் ஒரு நகரசபையில் மழைநீர் வடிகால் பொறியியலாளர். இரண்டு பேரும் வேலையால் வந்து தேநீர் போடுமுன் ஓணானுக்கு மழை பெய்விக்க வேண்டியிருந்தது. எங்கேயும் ஓர் இரவு தங்கிவர முடியவில்லை. கன்பராவில் ஒரு கலியாணத்துக்குப் போய், தாலி கட்டியதும் சாப்பிடாமல் திரும்பினோம்.

முதலில் ஐஸ்கிரீம் டப்பாவில் ஊசியால் துளை போட்டுக் கூட்டின் மேல் வைத்தேன். சொட்டுச் சொட்டாக இலையில் விழுந்தது. கறி வந்து நக்கியது. எனக்கு அன்று முழுவதும் கால் தரையில் படவில்லை. ஆனால் டப்பாவை நிரப்ப ஆள் வேண்டுமே. ஆகவே கடைசியில் சின்ன மோட்டர், மெல்லிய குழாய், புகைபோலத் தண்ணீர் தெளிக்கும் குழல்முனைகள், தொலைபேசியாலேயே இயக்கலாம் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் வாங்கினேன். கூட்டுக்குள்ளே மேல்மூலையில் நீர் புகாத கமரா ஒன்றும் பூட்டினேன். அது ஓணானின் கொப்பைப் பார்க்கும். கம்பி வலைக்கு அப்பால் எங்கள் சாப்பாட்டு மேசையும் தெரியும். பதிவு செய்யும்போது என் மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துபோனது. மெல்பேணிலிருந்து மகன் தொலைபேசியில், "என்ர ஈமெயிலைப் போடுங்கோ அப்பா, ஈஸி" என்றான். போட்டேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

தண்ணீர்த் தாங்கியை எங்கே வைப்பது என்று கேட்டபோது வதனி, "கீழ வையுங்கோ" என்றாள். நான் பொறியியலாளன். மோட்டருக்குப் பாரம் குறையட்டும் என்று அலுமாரியின் மேல் வைத்தேன். காலையில் மோட்டர் ஓடியது, மழை பெய்தது, மோட்டர் நின்றது. நாங்கள் வேலைக்குப் போய்விட்டோம். ஆனால் தாங்கி மேலே, குழல்முனை கீழே. ஒருமுறை குழாய் நிரம்பிவிட்டால் தண்ணீருக்கு மோட்டர் எதற்கு? பகல் முழுவதும் தானாக வழிந்து, கூடு நிரம்பி, கம்பளம் நனைந்து, வரவேற்பறையில் கால் வைத்தால் 'சளக்' என்றது. கறி மட்டும் மேல்கொப்பில் உட்கார்ந்து வெள்ளத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தது.

வதனி சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றாள். "உங்கட கந்தோரில உங்களை நம்பி ஒரு நகரத்தைக் குடுத்திருக்கினம் என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

கம்பளத்தைச் சுருட்டி வெயிலில் போடும்போது எனக்கு வெள்ளவத்தை நினைவுக்கு வந்தது. கலியாணம் கட்டிய புதிதில் விசாவுக்காகக் காத்துக்கொண்டு அங்கே ஒரு மேல்மாடி அறையில் இருந்தோம். விடியப்புறம் கொஞ்ச நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். அதற்குள் இருக்கிற வாளி, பானை, தேநீர்ப் போத்தல் எல்லாவற்றிலும் பிடித்துவிட வேண்டும். தண்ணீர் வரும் முன் குழாய் ஓர் இருமல் இருமும். அந்தச் சத்தத்துக்கு வதனி பாய்ந்து எழும்புவாள். அதைச் சொன்னேன். "அப்ப தண்ணி இல்லாமல் அந்தரப்பட்டம், இப்ப கூடிப்போய் அந்தரப்படுறம்" என்றாள். சிரித்துவிட்டாள். தாங்கி கீழே இறங்கியது.

4

அதன்பின் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கிட்டத்தட்ட ஒழுங்காக.

நான் காலை, மதியம், பின்னேரம் என்று மழைக்கு நேரம் குறித்திருந்தேன். ஆனால் சில நாட்களில் நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கூட்டுக்குள் திடீரென்று 'ஸ்ஸ்' என்று மழை தொடங்கிவிடும். இரண்டு பேரும் சோற்றுக் கையோடு திரும்பிப் பார்ப்போம். கறியும் ஒரு கண்ணால் எங்களைப் பார்க்கும். பிறகு நின்றுவிடும். தாங்கியும் என் கணக்கைவிட வேகமாக வற்றியது.

"ஆவியாகுது" என்றேன்.

"உங்கட கணக்கு ஆவியாகுது" என்றாள் வதனி.

குழாய்களை எல்லாம் சோதித்தேன். ஒழுக்கு இல்லை. விற்ற கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போடு என்று பதில் வந்தது. எல்லா வியாதிக்கும் அவர்களிடம் அந்த ஒரு மருந்துதான். போட்டேன். அன்று இரவும் மழை பெய்தது.

இந்த நாட்களில் எங்களுக்குப் பெரிய மனக்குறை, மகன் தொலைபேசி எடுப்பதில்லை. நாங்கள் எடுத்தால், "பிஸி அம்மா, கோல் யூ லேட்டர்" என்று செய்தி வரும். அந்த 'லேட்டர்' மெல்பேண் நேரப்படி எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அங்கே அவன் பெயரையும் 'ஏரன்' என்று சுருக்கிவிட்டார்களாம். சாப்பாட்டு மேசையில் எங்கள் பேச்செல்லாம் அவனைப் பற்றியே இருக்கும். "கிழமைக்கு ஒருக்கா அம்மா எண்டு கூப்பிட்டால் வாய் தேஞ்சிடுமோ?" என்பாள் வதனி. நான் கூட்டைப் பார்த்து, "உன்ர முதலாளி இஞ்சினியரிங்கை விட்டுப்போட்டு உன்ர சாதியைப் படிக்கப் போட்டான். உனக்கெண்டாலும் ஃபோன் எடுக்கிறவனோ?" என்று கேட்பேன். கறி பதில் சொல்லாது.

இப்படி இருக்கையில் பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. டிசம்பர் மாதம், இங்கே கோடைகாலம். நாலு நாள் மெல்பேணில் நிற்பதாக முடிவெடுத்தோம். கறியை இயந்திரத்தின் பொறுப்பில் விட்டோம். தாங்கியை விளிம்புவரை நிரப்பினேன். என் கணக்குப்படி அது ஒரு கிழமைக்குக் காணும், ஏழு நாளுக்கும் போதும்.

ஓர் அவசரத்துக்கு என்று வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டு முரளியிடம் கொடுத்தோம். முரளி தஞ்சாவூர்க்காரர். கணினி வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. தங்கமான மனிதர். ஆனால் பல்லியைக் கண்டாலே கதிரையில் ஏறி நிற்பவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவார். "அண்ணா, வீட்டைப் பார்த்துக்கறேன். ஆனா அந்த ஜீவன் பக்கம் மட்டும் என்னைப் போகச் சொல்லாதீங்க" என்றார். அது எல்லாம் தானாக நடக்கும், நீங்கள் போகத் தேவையில்லை என்று தைரியம் சொன்னேன். புறப்படும் அவசரத்தில் ஓணானின் பெயரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதோடு, திரும்பி வந்ததும் சாப்பிடலாம் என்று வதனி ஒரு சட்டி கத்தரிக்காய்க் கறி சமைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தாள்.

5

விழா நாள். மெல்பேணில் குளிர்காற்று, வதனி பட்டுச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். சிட்னியின் மேற்குப் பக்கத்திலோ அன்று நெருப்பு வெயில். நாங்கள் மண்டபத்தில் உட்கார்ந்து, பெயர்களை வாசிக்கத் தொடங்கிய நேரம் என் தொலைபேசி அதிர்ந்தது. தாங்கியில் நீர் இல்லை. மோட்டர் நிறுத்தப்பட்டது. கூட்டின் வெப்பம் அபாயம்.

கமராவைத் திறந்தேன். கறி கொப்பில் தட்டையாகக் கிடந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மழைக்காட்டு ஓணானுக்கு வெக்கை ஆகாது. வாயைப் பிளந்தால் அது தாங்க முடியாத கட்டம் என்று மகன் சொல்லித் தந்திருக்கிறான்.

வதனி என் தோளின் மேலால் பார்த்தாள். "ஐயோ, பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுறது? பட்டம் வாங்குற நாளில! முரளிக்கு எடுங்கோ!"

குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு எடுத்தேன்.

"முரளி, கறிக்குத் தண்ணி காணாது."

"என்னண்ணா? சரியா கேக்கல. தண்ணியைக் காணோமா?"

"காணோம் இல்லை, காணாது! வத்திப்போச்சு. உடன விடவேணும். தாங்கியில..."

"தாங்கலையா?"

முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மா திரும்பி முறைத்தார். வதனி என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தாள். "தம்பி, இந்த வெக்கைக்குக் கறி தாங்காது. ஓடிப்போய்த் தண்ணி விடுங்கோ. ஏசியையும் போடுங்கோ. கெதியா!"

"ஓ, கறி கெட்டுடும்ங்கிறீங்களா? இதோ போறேன் அக்கா."

நாங்கள் இரண்டு பேரும் ஒற்றைத் தொலைபேசியில் தலையை முட்டிக்கொண்டு கமராவைப் பார்த்தோம். முரளி வந்தார். கூட்டின் பக்கம் கண் போகாமல் கன்னத்தில் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக நகர்ந்தார். ஏசியைப் போட்டார். நேரே குசினிக்குள் போனார். குளிர்சாதனப் பெட்டி திறக்கும் சத்தம். குழாய் ஓடும் சத்தம். மூடி வைக்கும் சத்தம். உடனே எனக்கு அழைப்பு.

"விட்டாச்சுண்ணா. தாராளமா ரெண்டு டம்ளர். நல்லா கலக்கி வச்சுட்டேன்."

"எதைக் கலக்கினீங்கள்?"

"கறியைத்தான். கத்தரிக்காதானே?"

வதனி வாயில் கைவைத்தாள். நான் பதில் சொல்லுமுன் வேறொரு குரல் கேட்டது. அது முரளியின் குரல் இல்லை. எங்கள் வீட்டுக்குள்ளிருந்து, ஓணான் கூட்டுக்குள்ளிருந்து, உரத்த குரல்.

"முரளி அங்கிள்! அது இல்லை! இஞ்ச வாங்கோ! இஞ்ச பாருங்கோ!"

முரளி குசினியிலிருந்து வெளியே வந்து திரும்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கறியை நேருக்கு நேர் பார்த்தார். கறியும் தலையைத் திருப்பி, அவரைப் பார்த்து வாயை அகலத் திறந்துகொண்டிருந்தது.

"முருகா!" என்ற ஓர் அலறல். முரளி கதிரையில் நின்றார். கையில் கரண்டி.

"பயப்பிடாதேங்கோ அங்கிள், இது நான்!"

"நான்னா யாரு?" முரளி அழும் குரலில் ஓணானிடம் கேட்டார்.

"ஆரணன்! அப்பான்ட மகன்!"

வதனி மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மேடையைப் பார்த்தேன். மேடையில் யாரோ ஒரு சீனப் பிள்ளை பட்டம் வாங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பெயரின் எழுத்து எப்போதோ கடந்துபோய்விட்டது. எப்படி வாசித்தார்களோ, எங்கள் காதில் அது விழவேயில்லை.

வெளியே ஓடினோம். மண்டபத்தின் பக்கத்து நடையில், அங்கியோடும் தொப்பியோடும் ஆரணன் சுவரில் சாய்ந்து நின்று தொலைபேசியோடு கத்திக்கொண்டிருந்தான். "கூட்டுக்குக் கீழ அங்கிள். ப்ளூ டாங்க். வைட் மூடி. யெஸ், யெஸ், கண்ணை மூடிக்கொண்டே ஊத்துங்கோ, பிரச்சினையில்லை." எங்களைக் கண்டதும் அவன் நிறுத்தவில்லை. தொலைபேசியை எங்கள் பக்கம் சாய்த்தான். முரளி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வாளியால் ஊற்றினார். பாதி தாங்கிக்குள், பாதி கம்பளத்தில். ஆரணன் விரலால் ஒரு பொத்தானை அழுத்தினான். 'ஸ்ஸ்' என்று மழை தொடங்கியது.

நாங்கள் மூன்று பேரும் திரையில் குனிந்தோம். கறியின் தலைமுள்ளில் துளி சேர்ந்தது. மூக்கில் வழிந்தது. எவ்வளவோ நேரம் அது அப்படியே இருந்தது. பிறகு இளஞ்சிவப்பு நாக்கு வெளியே வந்து அந்தத் துளியை எடுத்துக்கொண்டு போனது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. வாய் மூடியது.

"ஹீஸ் ஓகே" என்றான் ஆரணன்.

வதனி கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு கேட்டாள். "நீ எப்பிடி அதுக்குள்ள கதைச்சனீ?"

அவன் தொப்பியைக் கழற்றி, அதன் குஞ்சத்தைத் திருகினான். "அது என்ர எக்கவுண்ட்தானே அம்மா. கமரா, மைக், ஸ்பீக்கர், எல்லாம் வரும்."

"எப்ப இருந்து?"

"பூட்டின நாளில இருந்து."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அப்ப, இரவில மழை பெய்யிறது..."

"நான்தான். சொரி அப்பா. டாங்க் அவ்வளவு கெதியா முடியும் எண்டு தெரியேல்ல. ஒண்டு ரெண்டு தரம்தான் பட்டனை அமத்துறனான். போன ரெண்டு நாள் நீங்க இல்லாமல்... வீடு எம்ப்டியா இருந்திச்சு, கேரி தனிய. கன தரம் அமத்திப்போட்டன்."

"ஏனடா?" என்றேன்.

அவன் எங்களைப் பார்க்காமல் சொன்னான். "நீங்க சாப்பிடுற நேரம் நானும் ஃபோனை முன்னால வைச்சிட்டுச் சாப்பிடுவன். சேர்ந்து சாப்பிடுற மாதிரி. ஆனா நீங்க ரெண்டு பேரும் சோத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பீங்க. ஸ்ஸ் எண்டு சத்தம் வந்தால் திரும்பிப் பாப்பீங்க. நேர கமராவை. அதுக்குத்தான்."

நடையில் யாரோ ஒரு குடும்பம் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வதனி அவனுக்கு நேரே வந்து நின்றாள்.

"அப்ப நாங்கள் கதைச்சதெல்லாம் கேட்டது?"

"யா."

"கிழமைக்கு ஒருக்கா எடுத்தால் என்ன எண்டது?"

"யா."

"கேட்டிட்டும் எடுக்கேல்ல!"

"எடுத்தால் நீங்க எழும்பிப் போய், சத்தமா, நல்ல சந்தோசமா இருக்கிற மாதிரிக் கதைப்பீங்க. இது அப்பிடி இல்லை. ரியல்." பிறகு என்னைப் பார்த்து, "இஞ்சினியரிங் விட்டதைப் பற்றி கேரிக்குச் சொன்னதும் கேட்டது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சொல்ல வேண்டியதை அவனிடம் சொல்லாமல், ஓணானிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஓணான் வழியாக அவனுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வதனி அவன் அங்கியின் கொலரைப் பிடித்து நேராக்கினாள். "நீ எங்களைப் பார்த்தாய், சரி. நாங்கள் ஓணானைத்தானே பார்த்தம். எங்களுக்கு நீ கிடைக்கேல்லையே, மகன்?"

அவன் அவளுடைய தோளில் தாடையை வைத்தான். அங்கிக்குள் அவன் மெலிந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"நான் மேடையில ஏறினதை நீங்க பாக்கேல்ல, என்ன?" என்றான் சற்றுப் பொறுத்து.

நாங்கள் இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தோம்.

"பரவாயில்லை" என்றான். "நானும் பாக்கேல்ல."

6

சிட்னிக்குத் திரும்பி வந்தபோது கம்பளம் காய்ந்திருந்தது. கத்தரிக்காய்க் கறி ரசமாகியிருந்தது. முரளி எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நேரே மேய்ஸ் ஹில்லுக்குப் போய் அர்ச்சனை செய்தாராம். "யார் பேருக்குன்னு குருக்கள் கேட்டார் அண்ணா. என்ன சொல்றதுன்னு தெரியல. உங்க மகன் பேரைச் சொன்னேன். அவர்தானே பேசினது?" நட்சத்திரம் தெரியாததால் சுவாமி பெயருக்கே செய்துவிட்டார்களாம். வதனி அவருக்குப் புதிதாகக் கத்தரிக்காய்க் கறி சமைத்துக் கொடுத்தாள். அவர் மூடியைத் திறந்து, தண்ணீர் போதுமா என்று கேட்டுவிட்டுத்தான் கொண்டுபோனார்.

கமராவைக் கழற்றுவோமா என்று நான் வதனியிடம் கேட்டேன். அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு மெல்பேணிலேயே தங்கிவிட்ட ஆரணனுக்குத் தானே தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்ச இருக்கிறது இருக்கட்டும். உன்ர குசினியிலயும் ஒண்டு பூட்டு."

"அம்மா! பிரைவசி!"

"ஆர் பிரைவசியைப் பற்றிக் கதைக்கிறது?"

அவன் சம்மதித்தான். ஆனால் குசினியில் கமரா பூட்டுவதென்றால் அறைத் தோழர்களுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டுமே. அதற்கு வதனியே வழி சொன்னாள். மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவில் நானும் அவளும் தேடிப்போய், மெல்பேணில் கறிவேப்பிலைக் கன்று விற்கும் ஒருவரின் இலக்கத்தை வாங்கி மகனிடம் கொடுத்தோம். அவன் கன்றை வாங்கி, குசினி மேசையில் தன் கதிரைக்குப் பக்கத்தில் யன்னலோரம் வைத்தான். மெல்பேணின் வறண்ட காற்றுக்கு இலை காய்ந்துவிடும், ஈரப்பதம் வேண்டும், கமராவால் கவனிக்க வேண்டும் என்று தோழர்களுக்குச் சொன்னான். நான் ஒரு கமராவும் சின்ன மோட்டரும் இரண்டு குழல்முனைகளும் அனுப்பிவைத்தேன். தாங்கியைக் கீழே வைக்கும்படி தனியாக எழுதி அனுப்பினேன். இந்தமுறை வதனியின் மின்னஞ்சலில் பதிந்தோம். பொத்தான் அவளுடைய தொலைபேசியில் இருக்கிறது.

இப்போது எங்கள் இரவுச் சாப்பாடு இப்படித்தான். இங்கே மேசையில் நானும் அவளும், பக்கத்தில் கூட்டுக்குள் கறி. தேநீர்க் கோப்பையில் சாய்த்து வைத்த தொலைபேசிக்குள் மெல்பேண் குசினி. அவன் பாணில் எதையோ தடவிக்கொண்டு வந்து உட்காருவான். ஒன்றும் பேசமாட்டான். நாங்களும் பேசாமல் சாப்பிடுவோம். ஆனால் நாலு வாய்க்கு மேல் வதனிக்குப் பொறுக்காது. இடக்கை விரலால் அமத்துவாள். அங்கே 'ஸ்ஸ்' என்று தொடங்கும். கன்றுக்கு விழுவதில் பாதி அவன் கழுத்தில் விழும். அவன் துள்ளித் திரும்பி நேரே கமராவைப் பார்ப்பான்.

போன கிழமை அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கறிவேப்பிலைக் கன்றின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தன. வேர் அழுகத் தொடங்கியிருக்கும். நான் இந்தத் துறைக்காரன், எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது.

"தண்ணி கூடிப்போச்சு வதனி. இப்பிடியே போனால் கன்று செத்துப்போகும்" என்றேன்.

அவள் சோற்றைக் குழைத்துக்கொண்டு தொலைபேசியைப் பார்த்தாள். அங்கே மகன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"செத்தால் வேற கன்று வாங்குவம்" என்றாள். அமத்தினாள்.

அவன் திரும்பினான்.